தூங்குறவங்க யாரும் இங்கே இருக்கக் கூடாது: ரேப்பிட் சிட்டியின் ஓடைக்கரை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துல ரேப்பிட் சிட்டின்னு ஒரு ஊர். நடுவுல ரேப்பிட் கிரீக்னு ஒரு ஓடை. சாதாரண நாள்ல பார்த்தா, இதுக்கா ஒரு எபிசோட்னு கேப்பீங்க.

1972 ஜூன் 9, வெள்ளிக்கிழமை. மேற்கே பிளாக் ஹில்ஸ் மலைகள்ல சில இடங்கள்ல ஆறே மணி நேரத்துல கிட்டத்தட்ட 15 அங்குல மழை. ராத்திரி கேன்யன் லேக் அணையும் உடைஞ்சது. 238 பேர் இறந்தாங்க. 1,300க்கும் மேற்பட்ட வீடுகள் அழிஞ்சு போச்சு.

மிச்சம் இருந்தவங்க கேட்டது ஒரே கேள்விதான்: அதே இடத்துல மறுபடி கட்டலாமா?

1968ல வந்த அமெரிக்க தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துல இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. சேதத்தைச் சரிபண்ற செலவு, சேதத்துக்கு முன்னாடி அந்தக் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்புல பாதியைத் தொட்டா, அது புதுக் கட்டடம் மாதிரி. நிலத்தோட விலை கணக்குல சேராது. தரைத்தளம் வெள்ள மட்டத்துக்கு மேல ஏறணும். 49 சதவீதம்னா? பழையபடியே பூசிக்கலாம். என்னைக் கேட்டா, இது பாதி பேட்ச்தான். பக் அங்கேயேதான் இருக்கு. வெள்ளம் பாய்ஞ்சு போற வழியிலயே கட்டணும்னா, அதனால தண்ணி மட்டம் ஏறாதுன்னு பொறியாளர் கணக்கு போட்டுக் காட்டணும்.

ரேப்பிட் சிட்டி இதையெல்லாம் தாண்டிப் போச்சு. எவ்வளவு உயரத்துல கட்டுறதுங்கிற பேச்சே வேண்டாம், ராத்திரி மனுஷங்க தூங்குற இடம் வெள்ளப் பாதையில இருக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. அப்போ மேயர் டான் பார்னெட்டுக்கு வயசு 29. (நம்ம செட்டுதான்!) மத்திய அரசு நிதியை வாங்கி, கரையோர நிலங்களை உரிமையாளர்கள்கிட்ட விலைக்கு எடுத்தாங்க.

சொல்றதுக்கு ஈஸி. சேறு வழிச்சு, சுவர் கழுவி, குடியேற நின்னவங்ககிட்ட “காசு தர்றோம், கிளம்புங்க”ன்னு சொல்லணும். ஒரு தெருவே காலியானா, பக்கத்து வீட்டுக்காரங்களும் சேர்ந்துதான் போறாங்க. அதுக்கு எந்தப் படிவத்துலயும் விலை போட முடியாது. ஆனாலும் நகராட்சி அந்த முடிவுல இருந்து பின்வாங்கல.

மேப்ல அந்த ஊரைத் திறந்து பாருங்க. ஓடையோட கூடவே ஒரு பச்சைப் பட்டை போகும்: பூங்கா, கால்ஃப் மைதானம், சைக்கிள் பாதை. 1972 வரைக்கும் அங்கே வீடுகள் இருந்துச்சு.