ஓடும் ஒளி: முன்னேஸ்வரக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் மேற்குக் கரையில், சிலாப நகருக்கு அண்மையில் அமைந்துள்ளது முன்னேஸ்வரம். சிங்களத்தில் தெதுரு ஓயா எனவும் தமிழில் மாயவனாறு எனவும் வழங்கும் ஆறு இத்தலத்தின் தீர்த்தமாகக் கொள்ளப்படுகின்றது. முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியிருக்கும் இக்கோயிலின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மூன்று செய்திகளை எடுத்துரைப்பர். 15ஆம் நூற்றாண்டில் கோட்டை அரசனான ஆறாம் பராக்கிரமபாகு நிலதானம் செய்து கல்வெட்டுப் பொறித்தமை ஒன்று. 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தமை மற்றொன்று. 1753இல் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனை மீள எடுப்பித்தமை பிறிதொன்று. அரசர்தம் கொடையும் அந்நியர்தம் அழிவுமே நம் கோயில் வரலாறுகளின் பொருளாக இருந்து வந்துள்ளன. திருவிழாவின் இரவை ஒளியாக்கும் தொழிலாளன் அவ்வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை அவனது தொழிலுள் ஒன்றை, அதாவது மின்குமிழ்களை வரிசைப்படி ஏற்றியும் அணைத்தும் ஒளியை ஓடச் செய்யும் கலையை, வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகின்றது.

முன்னேஸ்வரத்தை நிலைக்களனாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. ஆவணி மாதத்தை ஒட்டி நிகழும் பெருந்திருவிழாவுக்குத் தமிழ்ச் சைவர்கள் மட்டுமன்றிச் சிங்கள பௌத்தர்களும் பெருந்தொகையாக வருகின்றனர். சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையிலான கரையோரமோ கத்தோலிக்கத் தேவாலயங்கள் நிறைந்தது. அவற்றின் ஆண்டுத் திருநாள்களும் இரவை ஒளியாக்குபவையே. எனவே கோயில் திருவிழா, தேவாலயத் திருநாள், வெசாக் பௌர்ணமி ஆகிய மூன்றுக்கும் உரிய சோடனைகள் ஒரு நிலப்பரப்பிலேயே அடுத்தடுத்து எழுகின்றன. சமயங்கள் மூன்றாயினும் மின்கம்பியின் இலக்கணம் ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது.

மின்சாரத்துக்கு முன்னரும் விழாவுக்கு ஒளி இருந்தது. அகல்விளக்கு, தீவட்டி, பந்தம் ஆகியனவும், பின்னாளில் பெற்றோல்மாக்சும் வீதிவலத்துக்கு ஒளி தந்தன. தீவட்டி ஏந்தியவன் நடந்தால் ஒளியும் நடந்தது. அவன் நின்றால் ஒளியும் நின்றது. அசையாது நிற்கும் விளக்குகளைக் கொண்டு அசைவைத் தோற்றுவித்தமையே மின்சாரக் காலம் கொணர்ந்த புதுமை.

இப்புதுமையின் தொடக்கத்தை நியூயோர்க் நகரிற் காண்கிறோம். தொமஸ் அல்வா எடிசனின் துணைவர்களுள் ஒருவரான எட்வேட் ஜோன்சன், 1882 டிசெம்பர் 22இல் தம் இல்லத்தில் நத்தார் மரமொன்றை நிறுவினார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்னும் மூநிறத்தினவாகிய 80 மின்குமிழ்கள் அதில் ஒளிர்ந்தன. உலகின் முதல் மின்விளக்கு நத்தார் மரம் எனப் பலரும் இதனைப் போற்றுவர். ஆயினும் நம் ஆய்வுக்கு முதன்மையானது வேறொரு செய்தி. அம்மரம் மின்விசையாற் சுழன்றது. சுழலுந்தோறும் அதன் அடியிலிருந்த செப்புப் பட்டைகள் ஒரு கூட்டத்து விளக்குகளின் தொடர்பை அறுத்து மறு கூட்டத்துக்குத் தொடர்பு தந்தன. ஆகவே நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. சுழலும் செம்பு, அதனைத் தொடும் தொடுகை, முறைமாறும் ஒளி என்னும் மூன்று உறுப்புகளும் முதல் மரத்திலேயே அமைந்துவிட்டன. பின்வந்த நூறாண்டுக் காலச் சோடனைத் தொழில் இம்மூன்றின் விரிவே எனலாம். 1928இல் நியூயோர்க்கின் ரைம்ஸ் கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ 14,800 மின்குமிழ்களாற் செய்திகளை ஓடவிட்ட பெரும் பலகையும் இம்மரபின் வழிவந்ததே.

நிற்கும் விளக்கு ஓடுவதாகத் தோன்றுவது எங்ஙனம்? அணித்தே உள்ள இரு புள்ளிகளில் ஒளி குறுகிய இடைவேளையில் அடுத்தடுத்துத் தோன்றின், கண் அவற்றை இரண்டெனக் கொள்ளாது. ஒன்றே இடம்பெயர்ந்ததெனக் கொள்ளும். ஜேர்மானிய உளவியலறிஞர் மக்ஸ் வேர்தைமர் 1912இல் வெளியிட்ட ஆய்வில் இத்தோற்ற அசைவை விரிவாக ஆராய்ந்தார். சோடனைக்காரனோ அதனைத் தன் கைப்பழக்கத்தால் அறிந்தான்.

இங்குச் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய விளக்குச் சரத்தைச் 'சீரியல் செட்' என்பர். தமிழிலே 'தொடர்' என்னும் சொல்லும் இரு பொருளைத் தாங்குகின்றது. ஒரே கம்பிவழி மின்னோட்டம் எல்லா விளக்குகளூடும் செல்லுமாறு இணைப்பது தொடரிணைப்பு. இஃது இடம்பற்றிய தொடர். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்வது காலம்பற்றிய தொடர். இவை வேறுவேறானவை. நம் நாட்டு மின்வழங்கலின் அழுத்தம் 230 வோல்ற்று. 12 வோல்ற்றுச் சிறுகுமிழ் ஒன்றை அதிலே நேரடியாகப் பொருத்தினால் அஃது உடனே எரிந்துபோகும். ஏறத்தாழ இருபது குமிழ்களைத் தொடரிணைப்பிற் கோத்தால் அழுத்தம் பங்கிடப்பட்டு யாவும் ஒளிரும். ஆனால் ஒன்றன் இழை அறுந்தால் சரம் முழுதும் இருண்டுவிடும். சரத்திலே ஈருலோகச் சட்டம் பொருத்திய குமிழ் ஒன்றைச் சேர்ப்பின், அது சூடேறி வளைந்து சுற்றைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் மீண்டும் இணைக்கும். அதனாற் சரம் முழுதும் ஒருங்கே மினுங்குமேயன்றி ஒளி ஓடாது.

ஒளி ஓடுதற்குப் பல சுற்றுகள் வேண்டும். எத்தனை? இரண்டு போதுமென முதலில் எண்ணத் தோன்றும். ஒற்றை எண் குமிழ்கள் ஒரு சுற்றாகவும் இரட்டை எண் குமிழ்கள் மறு சுற்றாகவும் மாறிமாறி ஒளிர்ந்தால், ஒளி இடப்புறம் செல்கிறதா வலப்புறம் செல்கிறதா எனக் கண்ணால் துணிய முடியாது. எரியும் ஒவ்வொரு குமிழுக்கும் இருபுறத்து அயலும் ஒன்றுபோலவே உள்ளன. மூன்று சுற்றுகளாக்கி, 1, 4, 7ஆம் குமிழ்களை முதற் சுற்றிலும், 2, 5, 8ஆம் குமிழ்களை இரண்டாவதிலும், 3, 6, 9ஆம் குமிழ்களை மூன்றாவதிலும் இணைத்து முறையே ஏற்றினால் திசை பிறக்கின்றது. ஏற்றும் முறையைத் தலைகீழாக்கின் ஒளியும் திரும்பி ஓடும். திசைக்குக் குறைந்தது மூன்று வேண்டும் என்பதே இத்தொழிலின் முதல் விதி. நான்கு, ஐந்து எனச் சுற்றுகள் பெருகப் பெருக, ஒளிப்புள்ளிகளின் இடைவெளியும் பெருகும், ஓட்டமும் தெளிவுறும்.

இவ்விதியைப் பேரளவிற் கையாண்ட கலைவடிவம் இலங்கையின் வெசாக் பந்தலாகும். சிங்களத்தில் அதனைத் 'தொரண' என்பர். நம் தோரணமும் அதுவும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. 1885இல் பிரித்தானிய ஆட்சியினர் வெசாக் தினத்தைப் பொது விடுமுறையாக மீண்டும் ஏற்றனர். 1895இல் கொழும்பில் பூஸ்ரெட் நிறுவனத்தார் மின்வழங்கலைத் தொடங்கினர். நீர்மின்சாரத்துக்காக நெடுங்காலம் வாதாடிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திராவின் கனவாகிய இலக்சபான மின்னிலையம் 1950இல் இயங்கலாயிற்று. விடுமுறையும் மின்சாரமும் கூடிய இடத்திலே பந்தல் வளர்ந்தது. இலைதழைகளால் ஆன வளைவு உயர்ந்த சட்டகமாயிற்று. புத்த சாதகக் கதைகளின் காட்சிகள் அதிலே வரையப்பட்டன. காட்சிகளைச் சூழ ஆயிரக்கணக்கான வண்ணக் குமிழ்கள் ஒளிவட்டங்களாகவும் பூக்களாகவும் அருவிகளாகவும் சுழன்றன. கொழும்பின் தொட்டலங்க, பொரளை, பேலியகொடை முதலிய இடங்களின் பந்தல்கள் புகழ்பெற்றவை.

இப்பந்தலின் உயிர்நிலை, முன்புறம் நிற்போருக்குப் புலப்படாது பின்புறம் சுழலும் உருளையாகும். மரத்தாலான பெரிய உருளையின்மேற் செப்புத் தகடுகள் அளவறிந்து வெட்டி அறையப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தூரிகை, அதாவது உலோகத் தொடுகை, உருளைமீது படிந்து நிற்கும். தகடு வந்து தொடும்போது அச்சுற்று ஒளிரும்; மரம் வரும்போது அணையும். எல்லாத் தகடுகளுக்கும் மின்னோட்டம் தருவதற்காக இடைவெளியற்ற முழுவளையம் ஒன்றும் உண்டு. சிறு மோட்டர் வார்ப்பட்டையால் உருளையை மெல்லச் சுழற்றும்.

இதன் நுட்பத்தைச் சிறு கணக்கால் விளக்கலாம். உருளையின் சுற்றளவு 120 சென்ரிமீற்றர் எனவும், அது நிமிடத்துக்கு 12 முறை சுழல்வதாகவும் கொள்வோம். ஒரு சுழற்சிக்கு 5 செக்கன். ஆகவே செக்கனுக்கு 24 சென்ரிமீற்றர் நகரும். 12 சென்ரிமீற்றர்த் தகடு அரைச் செக்கன் நேரம் ஒளிதரும். எனவே தகட்டின் நீளமே ஒளியின் காலம். தகடு அறையப்பட்ட இடமே ஒளி தோன்றும் வேளை. சோடனைக்காரன் காலத்தை அடிக்கோலால் அளந்து கத்தரியால் வெட்டினான் என்பது மிகையன்று. முட்கள் பதித்த உருளையாற் பண்ணிசைக்கும் இசைப்பெட்டியும், 1804இல் பிரான்சிற் தோன்றிய யக்காட் தறியின் துளையட்டையும் இவ்வுருளையின் உறவினவே. நிரலை ஒரு பருப்பொருளில் எழுதிவைத்தல் என்னும் கருத்து, கணினி நம் நாட்டை அடையுமுன்னரே பந்தலின் பின்புறத்திற் சுழன்றுகொண்டிருந்தது.

மின்சுமையிலும் இம்முறைக்குப் பயனுண்டு. 15 உவாற்றுக் குமிழ்கள் 900 ஒருங்கே எரிந்தால் 13,500 உவாற்று, அதாவது 230 வோல்ற்றில் ஏறத்தாழ 59 அம்பியர் வேண்டும். மூன்று சுற்றுகளில் ஒன்று மட்டும் ஒரு வேளையில் எரிந்தால் 20 அம்பியர் போதும். ஓடும் ஒளி அழகுக்கு மட்டுமன்றிச் சிக்கனத்துக்கும் உரியது. ஆயினும் தகடு தூரிகையைவிட்டு நீங்குந்தோறும் தீப்பொறி எழும்; செம்பு கருகும்; அதனைத் தேய்த்துத் துப்புரவாக்க ஒருவன் இரவு முழுதும் விழித்திருத்தல் வேண்டும்.

அவ்விழிப்பு உயிர்பற்றியதுமாகும். வெசாக் வரும் வைகாசி, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். நனைந்த கம்பி, உறையற்ற பொருத்து, வெறுங்கால் ஆகிய மூன்றும் கூடுமிடத்து 230 வோல்ற்று கொல்லும். விழாக்களின் மின்விபத்துகளை விதியென்று கூறி நாம் ஆறுதல் கொள்கிறோம். புவித்தொடுப்பும், மின்கசிவுற்றதும் சுற்றைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் விதியை மாற்றவல்லவை என்பதை விழாச் சபைகள் உணர்தல் வேண்டும். ஒளியின் செலவைக் கணக்கிடும் சபை, காவலின் செலவையும் அதனோடு சேர்த்தே கணக்கிடக் கடமைப்பட்டது.

உருளையின் காலம் மெல்லத் தேய்ந்தது. 1960களில் எழுந்த குறைகடத்தி ஆளிகள் தீப்பொறியின்றி மின்னைத் திறந்து மூடின. 1972இல் சந்தைக்கு வந்த 555 என்னும் காலங்காட்டிச் சுற்றும், பத்து வெளியீடுகளை முறையே இயக்கும் 4017 என்னும் எண்ணிச் சுற்றும் உள்ளங்கையளவு பலகையிலே உருளையின் வேலையைச் செய்தன. பின்னர் வந்த நுண்கட்டுப்படுத்தி, நிரலை எழுத்தாகவே ஏற்றது. 1990களில் யப்பானிய அறிஞர் நீலநிற ஒளிகாலும் இருவாயியை ஆக்கினர். அதன் பயனாக எல்லா நிறங்களும் குறைந்த மின்செலவிற் கிட்டின. அவ்வறிஞர் மூவரும் 2014இல் நோபெல் பரிசு பெற்றனர். இன்று ஒவ்வொரு குமிழும் தனக்கெனத் தனிக்கட்டளை பெறும் சரங்கள் கடைகளிற் கிடைக்கின்றன. முன்பு சுற்றுகளின் எண்ணிக்கை வகுத்த எல்லை இப்பொழுது இல்லை.

இம்மாற்றத்தை இழிவென்று கூறுதல் பொருந்தாது. செலவு குறைந்தது, தீப்பற்றும் அச்சமும் தணிந்தது. ஆனால் வரலாற்று மாணவருக்குக் கவலைதரும் ஒன்று உண்டு. பழைய உருளை தன் நிரலை எவர் கண்ணுக்கும் காட்டி நின்றது. மின்னியல் அறியாதவனும் அதனைக் கையாற் சுழற்றி, எத்தகடு எவ்விளக்கு என அறியலாம். உதவியாளாய் வந்த இளைஞன் பார்த்தே பழகினான். மூடிய பெட்டியுள் அடங்கிய நிரலோ பார்வையாற் கற்கத்தக்கதன்று. மேலும், பயனற்ற உருளையின் மரம் விறகாகும். செம்பு பழையிரும்புக் கடையில் விலையாகும். கல்வெட்டு ஒன்று சிதைந்தால் நாம் வருந்துகிறோம். காலத்தைப் பொறித்த செப்புத்தகடு உருக்கப்படும்போது நாம் அறிவதுமில்லை.

மற்றொரு கருத்தும் ஈண்டு எண்ணத்தக்கது. நம் நாட்டில் கலைகளைத் தமிழர் கலை, சிங்களவர் கலை எனப் பிரித்தெழுதுதல் வழக்காகிவிட்டது. தேரையும் பந்தலையும் அவ்வாறு பிரிக்கலாம். உருளையைப் பிரித்தல் இயலாது. மூன்று சுற்றில்லாது திசையில்லை என்னும் விதி, முருகன் மயிலின் தோகைக்கும், மாதாவின் முடிக்கும், போதிமரத்தின் இலைக்கும் ஒன்றே. சிங்களரசன் சிவன் கோயிலுக்கு அளித்த தானம் கல்லில் நிற்பதனால் அதனை மேற்கோள் காட்டுகிறோம். கம்பியாலும் செம்பாலும் நிகழ்ந்த உறவு கல்லில் எழுதப்படவில்லை. ஆயினும் அதனை உறவன்று எனல் எங்ஙனம்?

எனவே பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. எஞ்சிய உருளைகளை அளந்து வரைபடமாக்குதல், முதிய தொழிலாளரின் வாய்மொழியையும் தொழிற்சொற்களையும் இருமொழியிலும் பதிதல், ஒன்றிரண்டையேனும் அரும்பொருளகத்தில் இயங்குநிலையில் வைத்தல் ஆகியன அப்பணியுள் அடங்கும். தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை, பொறியியற்பீடம் ஆகிய மூன்றும் கூடியே இதனைச் செய்தல் இயலும். திசை பிறத்தற்குக் குறைந்தது மூன்று சுற்றுகள் வேண்டுமென்று மேலே கண்டோம். இம்முயற்சிக்கும் அவ்விதியே பொருந்தும்.