பழைய சத்ரியா ஜிடிஐ வாங்கி ரிஸ்டோர் செய்யப் போறீங்களா? முதலில் இதைத் தெரிஞ்சிக்குங்க

கூலிம், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் பக்கம் கார் பிரியர்களிடம் பேசினால் ஒரு பெயர் கட்டாயம் வரும்: புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. உற்பத்தி நின்று 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இதைத் தேடி அலைபவர்கள் குறையவில்லை. அதனாலேயே போலிகளும் பெருகிவிட்டன. சேமித்த பணத்தைக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

அந்தக் காரில் அப்படி என்ன விசேஷம்?

சத்ரியா 1994-இல் அறிமுகமான மூன்று கதவு கார். அதன் அடிப்படை மிட்சுபிஷி மிராஜ். 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைப் புரோட்டோன் வாங்கியது. அடுத்து வந்த ஜிடிஐ ரகத்தின் சஸ்பென்ஷனைச் சீரமைத்தது லோட்டஸ்தான். 1,834 சிசி கொண்ட 4ஜி93பி இரட்டை கேம் இஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். வளைவுகளில் அது ஓடும் விதம்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2006-இல் சத்ரியா நியோ வந்து, பழைய சத்ரியாவின் இடத்தைப் பிடித்தது.

வெளிநாட்டிலிருந்து ஒரு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவர ஏபி அனுமதியும் வரிகளும் தேவை. உள்நாட்டிலேயே செய்த ஜிடிஐ-க்கு அந்தத் தலைவலி இல்லை.

அசலா, போலியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். கெரானை வாங்கிப் பாருங்கள். அசல் ஜிடிஐ என்றால் இஞ்சின் கொள்ளளவு 1,834 சிசி என்று இருக்கும். சாதாரண சத்ரியாவில் 1,298, 1,468 அல்லது 1,597 சிசி. இந்தச் சாதாரண கார்களுக்கு ஜிடிஐ பம்பரும் ஸ்பாய்லரும் மாட்டி, ஜிடிஐ விலைக்கு விற்பவர்கள் உண்டு.

சிலர் 1.6 காருக்குள் 1.8 இஞ்சினை இறக்கியிருப்பார்கள். இஞ்சின் மாற்றம் ஜே.பி.ஜே அனுமதியோடு நடந்து, கெரானிலும் பதிவாகியிருந்தால் பிரச்சினை இல்லை. பதிவாகவில்லை என்றால் அது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதிக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

ரோட்டெக்ஸைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். தீபகற்பத்தில் 1,597 சிசி காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,801 சிசி தொடங்கி அடிப்படைக் கட்டணம் 280 ரிங்கிட், 1,800-க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். ஜிடிஐ-க்கு 34 சிசி கூடுதல், அதாவது 17 ரிங்கிட். மொத்தம் 297 ரிங்கிட். "ஜிடிஐதான் பா, ரோட்டெக்ஸ் 90 வெள்ளிதான்" என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

'வெட்டி ஒட்டிய' கார் என்றால்?

விபத்தில் முன்பக்கம் போன காரையும் பின்பக்கம் போன காரையும் வெட்டி, ஒன்றாக வெல்டிங் செய்வது. மலாயில் 'பொத்தோங் சம்போங்' என்பார்கள். வெளியே பளபளவென்று இருக்கும். மோதினால் அந்த ஒட்டு தாங்காது. திருட்டுக் காருக்கு வேறொரு காரின் சேசிஸ் எண்ணைப் போடும் 'குளோன்' வேலையும் நடக்கிறது.

பார்க்க வேண்டியவை: சேசிஸ் எண் கெரானோடு பொருந்துகிறதா? எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ புது வெல்டிங்கோ உள்ளதா? தரைவிரிப்பைத் தூக்கினால் குறுக்கே வெல்டிங் கோடு தெரிகிறதா? சந்தேகம் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பி5 சோதனையில் சேசிஸ், இஞ்சின் எண்களைப் பார்ப்பார்கள். அதில் கார் பாஸ் ஆன பிறகே முழுத்தொகை தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கெரானில் வங்கியின் உரிமைக் கோரல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ரோட்டெக்ஸ் பல ஆண்டு கட்டாமல் தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் கிடந்த கார் என்றால், வாங்கும் முன்பே ஜே.பி.ஜே-இல் நடைமுறையைக் கேளுங்கள்.

துருவும் வெள்ளமும்

செம்மண் பாதையில் ஓடிய காரில், சேறு சக்கர வளைவுக்குள் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். கதவுக்குக் கீழ் உள்ள சில், ஸ்பேர் டயர் குழி, முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

2022 ஜூலையில் பாலிங், குபாங் பகுதியை அடித்த வெள்ளத்தை மறக்க முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவி விற்பது சுலபம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடியில் சேற்றுக்கறை உள்ளதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத் துருவும் உண்மையைச் சொல்லிவிடும்.

வாங்கியாச்சு. எதை முதலில் செய்வது?

பலர் செய்யும் தவறு, முதலில் பெயிண்ட் அடிப்பது. சரியான வரிசை இது:

1. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாவிட்டால் உடனே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து இஞ்சின் செலவு எகிறிவிடும்.
2. பிரேக், டயர், ரேடியேட்டர்.
3. சஸ்பென்ஷன் புஷ், அப்சார்பர். லோட்டஸ் சீரமைத்த அந்த ஓட்டம் இதில்தான் இருக்கிறது.
4. துரு வெட்டி, புதுத் தகடு.
5. கடைசியாக பெயிண்ட், உள் அலங்காரம்.

உதிரிபாகம் கிடைக்குமா? இஞ்சின் பாகங்கள் வீரா 1.8 இரட்டை கேம், புத்ரா கார்களோடு பொதுவானவை. கதவு, கண்ணாடி சாதாரண சத்ரியாவிலிருந்தே எடுக்கலாம். ஜிடிஐ-க்கு மட்டுமே உரிய பம்பர், சைட் ஸ்கர்ட், இருக்கைகள்தான் கிடைப்பது கஷ்டம். அவை முழுமையாக உள்ள காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கடன், காப்புறுதி

இவ்வளவு வயதான காருக்கு வங்கிக் கடன் பெரும்பாலும் கிடைக்காது. தனிநபர் கடன் எடுத்தால் வட்டியையும் ரிஸ்டோர் செலவில் சேருங்கள். கையில் உள்ள மொத்தப் பணத்தில் பாதிக்குத்தான் கார் வாங்க வேண்டும். மீதிப் பாதி பட்டறைக்குத் தேவைப்படும். பாதியில் பணம் தீர்ந்து, பிரித்துப் போட்டபடியே கிடக்கும் கார்கள் ஏராளம்.

பல நிறுவனங்கள் பழைய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தரும். முழுக் காப்புறுதி கிடைத்தால் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையைக் கேளுங்கள். சந்தை மதிப்பு முறையில் ரிஸ்டோர் செலவு கணக்கில் வராமல் போகலாம். வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இந்த வேலையில் எதிர்காலம் உண்டா?

கூலிம் இனோகோம் ஆலையில் பிஎம்டபிள்யூ, மஸ்டா கார்கள் பொருத்தப்படுகின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே தன் காரைப் பொருத்தத் தொடங்கிய முதல் இடமும் அதுதான், 2022-இல். வெல்டிங், பெயிண்ட், மின்கம்பி வேலை தெரிந்தவர்களுக்குக் கெடாவிலேயே வாய்ப்பு உண்டு. கூலிம் அட்தெக் போன்ற பயிற்சி மையங்களில் சான்றிதழோடு கற்கலாம். சொந்தக் காரில் பழகிய கைக்கு அந்தச் சான்றிதழும் சேர்ந்தால், பொழுதுபோக்கு தொழிலாகவும் மாறலாம்.