நின்று எழுந்த செக்கன்

கணினிக்குள் ஒரு செக்கன் பிறக்கும் இடம், தாய்ப்பலகையில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம். அது 32,768 தடவை அதிர்ந்தால் ஒரு செக்கன். அந்த எண்ணைப் 15 முறை பாதியாக்கினால் மிச்சம் ஒன்று. சின்னஞ்சிறு மின்சுற்று ஒன்றே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனாலும், பக்கத்தில் நாணயம் போலிருக்கும் சி.ஆர்.2032 பற்றரி படிகத்தை அதிரவைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிக்குச் சொந்தப் படிகம் கிடையாது. எழும்போது தன்னைத் தாங்கும் கணினியிடம் ஒருமுறை நேரம் கேட்கும். பிறகு தானே எண்ணத் தொடங்கும். இடைநிறுத்தினால் அதன் நினைவகம் முழுவதும் அப்படியே வட்டில் எழுதப்படும். ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கையும் அதற்குள் அடக்கம்.

இலங்கையில் 2022 மார்ச் இறுதியை நினைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நல்லூர்ப் பருத்தித்துறை வீதியில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். காலை 10:17க்கு யூ.பி.எஸ். தளர்கிறது; தாங்கும் கணினி தன்னை மூடுமுன் மெய்நிகர் கணினியைச் சேமித்துவைக்கிறது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஹைப்பர்-வீ தானாகவே செய்வதும் இதைத்தான். பிற்பகல் 3:17க்குக் கரண்ட் வருகிறது. தாங்கும் கணினியின் படிகத்துக்குச் சரியான நேரம் தெரியும். உள்ளே விழித்தெழும் கணினிக்கோ இன்னும் காலை 10:17. தூங்கியதே அதற்குத் தெரியாது. நேரம் தவறாத பூசைக்குப் பேர்போன நல்லூர்க் கோயிலின் அயலில், பிற்பகல் பற்றுச்சீட்டு காலை நேரத்தோடு அச்சாகும்.

இதைத் திருத்த வரும் மென்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுபாவம். வேர்ச்சுவல்பொக்ஸின் துணை மென்பொருள், வித்தியாசம் 20 நிமிடத்துக்குள் என்றால் நேரத்தை மெல்ல மெல்ல இழுத்துவரும். அதற்கு மேல் போனால் ஒரே பாய்ச்சல். இணையம் வழியே நேரத்தைச் சரிபார்க்கும் பழைய என்.ரி.பி. சேவை 1,000 செக்கனுக்கு மேற்பட்ட பிழையைக் கண்டால் தன் வேலையையே நிறுத்திவிடும். அதே வேலையைச் செய்யும் குரோனி பலருக்குப் பிடித்தது, எனக்கும்தான். ஆனால் பல லினக்ஸ் பதிப்புகளில் அது தொடங்கியதும் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே பாய அனுமதி உண்டு. அதன்பின் அதிகபட்சம் 12 செக்கனுக்கு ஒரு செக்கன்தான் மீட்கும். ஐந்து மணித்தியாலப் பின்னடைவைத் தீர்க்க 60 மணித்தியாலம், அதாவது இரண்டரை நாள்!

மின்சாரப் பஞ்சம் இந்த நாட்டின் மணிக்கூட்டில் கைவைத்தது 2022இல் மட்டுமல்ல. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிகுதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே கொழும்பு போனவர், முகமாலை தாண்டிப் புலிகளின் பகுதிக்குள் நுழைந்ததும் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போவார், ஓமந்தையில் வெளியேறியதும் முன்னுக்கு வருவார். அப்போதெல்லாம் கணினி எண்ணும் செக்கன் ஒன்றுகூடக் குறையவில்லை. 1970 ஜனவரி 1இலிருந்து வரும் எண்ணிக்கை அப்படியே ஓடியது. அதை எந்த நேரமாகக் காட்டுவது என்ற விதி மட்டுமே மாறியது. இடைநிறுத்தம் அதைவிடப் பொல்லாதது. விதி சரியாக இருக்கும், எண்ணிக்கையே குறைந்துவிடும். திரையைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மணிக்கூடும் உண்டு. லினக்ஸில் "பத்து நிமிடம் பொறு" என்று காத்திருக்கும் நிரல்கள் பொதுவாக அதைத்தான் நம்பும். வெளி நேரத்தைத் திருத்தினாலும் அது பாயாது, பின்வாங்காது. ஆகவே பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் போனபின் உறங்கிய நிரல், எழுந்தபின்னும் மிச்ச ஆறு நிமிடம் காத்திருக்கும். அது பிழையில்லை, அப்படித்தான் இருக்கவேண்டும்.

மெய்நிகர் கணினிகளைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குரோனியின் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்டெப் வரியின் கடைசி எண்ணை 3இலிருந்து -1 ஆக மாற்றிவிடுங்கள். எப்போது விழித்தாலும் பாய்ந்து திருத்த அனுமதி கிடைக்கும். கரண்ட் வந்ததும் முதல் பற்றுச்சீட்டை அடிக்கமுன், உள்ளே நேரம் என்னவென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.