முஈத்: பாடத்தை மீட்டிச் சொன்ன ஆசிரியர்

 

இஸ்லாமியக் கல்வி வரலாற்றைப் பேசும்போது பேரறிஞர்களையும், அவர்கள் பாடம் நடத்திய மாபெரும் மதரஸாக்களையும் நாம் நினைவுகூருகிறோம். ஆனால் அந்த மதரஸாக்களில் பேரறிஞருக்கு அடுத்த நிலையில் அமர்ந்து, பாடம் விளங்காத மாணவருக்கு அதனை மீண்டும் சொல்லிக்கொடுத்த ஒருவர் இருந்தார். அவரை 'முஈத்' என்று அழைத்தனர். 'மீட்டிச் சொல்பவர்' என்பது அதன் பொருள். இன்று கல்லூரிகளில் தனிப்பயிற்சி என்றும் சிறப்பு வகுப்பு என்றும் வழங்கப்படும் உதவியை, நம் முன்னோர்கள் 800 ஆண்டுகளுக்கு முன்பே வக்ஃபு வருமானத்திலிருந்து ஊதியம் பெறும் ஒரு பதவியாகவே வைத்திருந்தனர்.

இதன் வேர் நபிவழியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஒரு செய்தியைச் சொன்னால், கேட்போருக்கு நன்கு விளங்கும் பொருட்டு அதனை மும்முறை கூறுவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. சொல்வது மட்டும் ஆசிரியரின் கடமையன்று, கேட்பவருக்கு விளங்கச் செய்வதும் அவருடைய கடமையே என்பதை உலமாக்கள் இதிலிருந்து அறிந்துகொண்டனர்.

அக்காலத்துப் பாடமுறையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதர்ரிஸ் எனப்படும் தலைமை ஆசிரியர் நடுவில் அமர்ந்து பாடம் நடத்துவார். சுற்றியிருப்போரில் பல ஆண்டுகள் ஓதியவரும் இருப்பர், அப்போதுதான் வந்து சேர்ந்தவரும் இருப்பர். ஒரே பாடம் எல்லோருக்கும் ஒரே அளவில் விளங்காது. அந்த இடைவெளியை நிரப்பவே முஈத் அமர்த்தப்பட்டார்.

இப்பணியைச் செய்தவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். 'அல்முஹத்தப்' என்னும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூலை இயற்றிய இமாம் அபூஇஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) அவர்கள், தம் ஆசிரியரான காழி அபுத்தய்யிப் தபரீ (ரஹ்) அவர்களின் பாடசபையில் முஈதாக இருந்தவர்கள். பின்னர் அமைச்சர் நிழாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிழாமிய்யா மதரஸா, கி.பி. 1067இல் (ஹிஜ்ரி 459) திறக்கப்பட்டபோது, அதன் ஆசிரியர் பீடம் அவர்களுக்கே கிடைத்தது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் வரலாற்றை எழுதிய பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் (ரஹ்) அவர்களும் அதே நிழாமிய்யாவில் ஏறத்தாழ 4 ஆண்டுகள் முஈதாகப் பணிபுரிந்தவர்களே.

கி.பி. 1234இல் (ஹிஜ்ரி 631) அப்பாஸிய கலீஃபா முஸ்தன்ஸிர், பக்தாதில் டைக்ரீஸ் ஆற்றங்கரையில் முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவைத் திறந்தார். நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனியே 62 மாணவர்கள், ஒரு முதர்ரிஸ், 4 முஈதுகள் என்று அதில் ஏற்பாடு செய்யப்பட்டதாக இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ஆக, 248 மாணவர்களுக்கு முதர்ரிஸ்கள் 4 பேர், முஈதுகள் 16 பேர். பாடம் நடத்துவோரைவிடப் பாடத்தை மீட்டிச் சொல்வோர் நான்கு மடங்கு! ஒரு முஈதின் பொறுப்பில் சுமார் 15 அல்லது 16 மாணவர்கள் வருவார்கள். இக்காலக் கல்லூரி வகுப்பறையின் எண்ணிக்கையுடன் இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், அம்மதரஸாவை அமைத்தவர்களின் தொலைநோக்கு விளங்கும்.

எகிப்தின் தலைமை காழியாக விளங்கி, கி.பி. 1333இல் மறைந்த பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்கள், ஆசிரியர் மாணவர் ஒழுக்கங்களைப் பற்றிய தம் நூலில் முஈதின் கடமைகளை வரிசைப்படுத்தியுள்ளார்கள். வெளியாரைவிட மதரஸாவில் தங்கி ஓதும் மாணவர்களுக்கு அவர் முதலிடம் தர வேண்டும். அவர்கள் மனனம் செய்ததை ஒப்புவிக்கச் செய்து கேட்க வேண்டும். முதர்ரிஸின் பாடத்தில் அவர்களுக்கு விளங்காமல் நின்ற இடத்தை மீட்டிச் சொல்ல வேண்டும். தேறிவருவார் என்று நம்பத்தக்க மாணவரைப் பற்றி முதர்ரிஸிடமோ நிர்வாகியிடமோ அறிவித்து, அவருக்குரிய உதவித்தொகை கூடுவதற்கு வழிசெய்ய வேண்டும். மாணவரின் நிலையை நிர்வாகம் அறிந்துகொள்ளும் வழியும் முஈதாகவே இருந்தார் என்பது இதனால் தெளிவாகிறது.

கி.பி. 1370இல் மறைந்த தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள் இன்னும் கண்டிப்பாக எழுதுகிறார்கள். பாடத்தைக் கேட்பதோடு நின்றுவிடும் முஈதுக்கும் மாணவருக்கும் வேறுபாடு இல்லை. மாணவருக்கு விளங்கவைத்து அவருக்குப் பயன்படாதவர், அப்பதவி என்னும் நிஃமத்துக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்பது அவர்களின் கருத்து.

மற்றொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தின் அருகே, கெய்ரோவில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஒரு மதரஸாவை நிறுவினார். ஒரு காலகட்டத்தில் 30 ஆண்டுகள் அதில் முதர்ரிஸே இல்லை. 10 முஈதுகளைக் கொண்டே அது நடந்ததாகவும், கி.பி. 1279 வாக்கில்தான் (ஹிஜ்ரி 678) மீண்டும் முதர்ரிஸ் நியமிக்கப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ பதிவு செய்துள்ளார். தலைமைப் பீடம் வெறுமையாக இருந்தபோதும், மீட்டிச் சொல்வோர் இருந்ததால் மதரஸாவின் கதவு மூடப்படவில்லை.

இம்மரபு முற்றிலும் அழிந்துவிடவில்லை. எகிப்தின் பல்கலைக்கழகங்களில் இளநிலை ஆசிரியரை இன்றும் 'முஈத்' என்றே அழைக்கின்றனர். நம் நாட்டு அரபி மதரஸாக்களில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, அவர்களுள் ஒருவர் அன்றைய பாடத்தை மற்றவர்களுக்கு மீண்டும் சொல்லும் 'தக்ரார்' என்னும் வழக்கமும் இதனைச் சார்ந்ததே. நேற்றைய பாடத்தை 5 முறையும், அதற்கு முந்தைய நாளின் பாடத்தை 4 முறையும், இவ்வாறே குறைத்துக்கொண்டு ஒருமுறை வரையிலும் மீட்ட வேண்டும் என்று இமாம் ஸர்னூஜீ (ரஹ்) அவர்கள் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூலில் வகுத்துத் தந்த முறையை, மதரஸாவில் ஓதியோர் நன்கு அறிவர்.

இனி நம் நிலையைப் பார்ப்போம். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, பொறியியல் கல்லூரியிலோ கலைக் கல்லூரியிலோ சேர்ந்ததும் ஆங்கிலத்தில் நடைபெறும் விரிவுரையைக் கேட்கிறான். முதல் பருவத்தில் இரண்டு பாடங்கள் அரியர் விழுகின்றன. அடுத்த பருவத்தில் அவை நான்காகின்றன. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, இறுதியில் படிப்பையே விட்டுவிடுகிறான். அறிவில்லாமை இதற்குக் காரணமன்று, மீட்டிச் சொல்ல ஆள் இல்லாமையே காரணம். இக்குறையை அரசும் உணர்ந்தே, 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருடன் சிறுபான்மை மாணவர்களுக்கும் கல்லூரிகளில் சிறப்புப் பயிற்சி வகுப்பு நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழியாக நிதி அளித்தது.

கல்விக் கட்டணத்துக்கு உதவுவது பெரும் நன்மை. ஆனால் கட்டணம் செலுத்தப்பட்ட பின்னர் அப்பிள்ளை பாடத்தை விளங்கிக்கொண்டானா என்று கேட்பவர் யார்? முஸ்தன்ஸிரிய்யாவின் வக்ஃபு, மாணவருக்கு உணவும் உதவித்தொகையும் கொடுத்ததோடு நிற்காமல், அவர் அருகில் அமர ஓர் ஆளையும் கொடுத்தது. நம் மஹல்லாவில் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்களும், பணி ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், படித்த பெண்மணிகளும் இருக்கின்றனர். இஷாவுக்குப் பின் மதரஸாக் கட்டடத்தில் வாரம் மூன்று நாட்கள் மாணவர்களுக்கும், பகல் வேளையில் மாணவியருக்குத் தனியாகவும் பாடங்களை மீட்டிச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். சொல்லிக்கொடுப்பவருக்கு ஜமாஅத் நிதியிலிருந்து ஓர் ஊதியம் நிர்ணயிக்க வேண்டும். பதவியும் ஊதியமும் இருந்ததால்தான் முஈதின் பணி தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது. ஆர்வத்தை மட்டும் நம்பித் தொடங்கப்படும் வகுப்பு நீடித்து நிற்பது கடினம்.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஜமாஅத் நிர்வாகிகளும் பெற்றோர்களும் இதுகுறித்துக் கலந்தாலோசிக்க வேண்டுகிறோம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை விளங்கிக்கொள்ளும் தெளிவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.