எர்ர சேனு, கெரெ கத்தெ, புளியமரத்து மேடு

ராகி அறுவடை முடிஞ்சு இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ராத்திரி யானைக் காவலும் இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடறேன்.

போன மாசம் களத்துல ராகி அளந்துக்கிட்டு இருந்தோம். எங்க பக்கம் வள்ளத்துல அளக்கிற பழக்கம் இன்னும் போகலை. முதல் வள்ளத்தை "ஒண்ணு"ன்னு சொல்ல மாட்டோம், "லாபம்"னுதான் ஆரம்பிப்போம். அன்னைக்கு அளந்தவர் "லாபம், ரெண்டு, மூடு, நாலுகு"ன்னு தெலுங்குல எண்ணினார். சாக்கு பிடிச்ச பெரியவர் நடுவுல அவரைக் கன்னடத்துல கிண்டல் பண்ணினார். நான் கணக்கை நோட்டுல தமிழ்ல எழுதினேன். பார்க்க வந்திருந்த சென்னை நண்பர் கேட்டார்: "உங்க ஊர் எந்த மொழி ஊருங்க?"

எனக்குச் சட்டுனு பதில் வரலை. எங்க வீட்டுல பேசுறது தெலுங்கு. என் மனைவி பிறந்த வீட்டுல கன்னடம். நான் படிச்சது தமிழ். கெலமங்கலம் சந்தைக்குப் போனா, வியாபாரி எந்த மொழியில கூப்பிடுறாரோ அந்த மொழியில பேரம் பேசிட்டு வருவோம். இதைப் பெரிய திறமைன்னு யாரும் நினைக்கிறதில்லை.

சுத்தி இருக்கிற ஊர்ப் பேரைப் பார்த்தாலே இது புரியும். புதூர், கொத்தூர், ஓசூர் மூணுக்கும் அர்த்தம் ஒண்ணுதான், புது ஊர். முதலாவது தமிழ், இரண்டாவது தெலுங்கு, மூணாவது கன்னடத்து 'ஹொஸ ஊரு'. காமன்தொட்டின்னு ஒரு ஊர் இருக்கு. அங்க தண்ணித் தொட்டியைத் தேடாதீங்க, கன்னடத்துலயும் தெலுங்குலயும் 'தொட்டி'ன்னா மாட்டுப்பட்டி. கோபசந்திரத்துக்கும் நிலாவுக்கும் சம்பந்தம் கிடையாது. 'சமுத்திரம்' தேய்ஞ்சு 'சந்திரம்' ஆச்சு, பெரிய ஏரி உள்ள ஊர்னு அர்த்தம். பெங்களூர் போற வழியில இருக்கிற பொம்மசந்திராவும் அதே கதைதான். பெட்டமுகிலாளத்துல வர்ற 'பெட்ட' கன்னட மலை. எங்க பக்கம் 'பள்ளி'ன்னு முடியிற ஊர்கள், அத்திப்பள்ளி தாண்டினா 'ஹள்ளி' ஆயிடும். பால் 'ஹாலு' ஆகிறதும், புலி 'ஹுலி' ஆகிறதும் இதே கணக்குதான். நாங்க அளக்கிற வள்ளம்கூட கன்னடத்துல 'பள்ள'.

எப்படி இப்படிக் கலந்துச்சு? எல்லை பலமுறை நகர்ந்தது, ஜனங்க அங்கேயே இருந்தாங்க. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள அரசன் வீர ராமநாதன் எங்கள் பக்கத்துக் குந்தாணியைத் தலைநகராக வைத்திருந்தான். கன்னட அரச வம்சம்தான், ஆனால் அவன் காலத்துக் கல்வெட்டுகள் கோலார், பெங்களூர் பக்கத்தில்கூடத் தமிழில் நிறையக் கிடைக்கின்றன. பிறகு விஜயநகர ஆட்சி வந்தது. சூளகிரி, பாகலூர், பேரிகை, அங்குசகிரி என்று பாளையக்காரர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு மைசூர்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் அவர்கள் கைக்குப் போயின. மலைக்கு மேலே இருந்த எங்கள் பாலாகாட் பகுதி திப்புவிடமே இருந்தது. ஆக, ஏழு வருஷம் ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது. இன்றைக்கு அந்த ராயக்கோட்டை மண்டிக்குத்தான் எங்க தக்காளிப் பெட்டி தினமும் போகுது! 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டைப் பக்கமாக ஏறி, கெலமங்கலம் வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனது. மே 4-ல் கோட்டை விழுந்தது. எங்கள் பகுதி சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது.

அடுத்த பெரிய கோடு 1956 நவம்பர் 1-ல் போட்டாங்க. மொழிவாரி மாநிலப் பிரிவினையில கோயம்புத்தூர் மாவட்டத்துல இருந்த கொள்ளேகால் மைசூருக்குப் போச்சு. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்னுது. அப்புறம் 1965-ல் தருமபுரி, 2004-ல் கிருஷ்ணகிரின்னு மாவட்டப் பேர் மட்டும் மாறிக்கிட்டே வந்துச்சு. இத்தனை மாற்றத்துலயும் களத்துல "லாபம், ரெண்டு, மூடு" நிக்கலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒண்ணு தெலுங்கு எழுத்துல இருக்கு. எனக்குத் தெலுங்கு பேச வரும், ஒரு எழுத்து படிக்க வராது. போன வருஷம் ஒரு எல்லைத் தகராறுக்காக அதைப் படிக்க வேண்டி வந்துச்சு. ஓய்வுபெற்ற தெலுங்கு வாத்தியார் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுப் படிக்கச் சொன்னேன். என் தாத்தா எழுதி வச்சதை எனக்கு இன்னொருத்தர் படிச்சுக் காட்ட வேண்டியிருந்துச்சு. அன்னைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகலை.

2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு வகுப்பா தமிழ் கட்டாயம் ஆச்சு. தெலுங்கு, கன்னடம் வழியில படிச்ச பிள்ளைங்க விலக்கு கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தமிழ் படிக்கணும்கிறதுல எனக்கு மறுபேச்சே இல்லை. இதை எழுதுறதே அந்த மொழியிலதான். அதோட கூட வீட்டு மொழியோட எழுத்தையும் பிள்ளைங்க கத்துக்கணும்னு ஆசைப்படுறேன். ஆனா என் பையன் விஷயத்துல தப்பு பள்ளிக்கூடத்து மேல இல்லை. நான்தான் மெனக்கெடலை.

அந்த வாத்தியார் பத்திரத்தைப் படிச்சப்போ இன்னொண்ணு தெரிஞ்சுது. அதுல சர்வே நம்பரை விட வயல் பேர்தான் அதிகம். கிழக்கே 'எர்ர சேனு', அதாவது செம்மண் காடு. மேற்கே 'கெரெ கத்தெ', ஏரிக்குக் கீழ இருக்கிற நஞ்சை. வடக்கே புளியமரத்து மேடு. ஒரே பத்திரத்துல தெலுங்குப் பேர், கன்னடப் பேர், தமிழ்ப் பேர்! இன்னைக்குப் பட்டாவுல இதுல ஒண்ணுகூடக் கிடையாது. எண் மட்டும்தான்.

இந்தப் பேர்கள் இப்ப எங்க நிலைமையில ரொம்ப முக்கியம். சிப்காட் வந்தப்புறம் ஓசூர் தொழில் ஊர் ஆச்சு. இப்ப எங்க பக்கமே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்திருக்கு. எங்கெங்கிருந்தோ பொண்ணுங்க வேலைக்கு வந்திருக்காங்க, சந்தையில இந்தியும் கேக்குது. அது எனக்குச் சந்தோஷம்தான், நாலாவது மொழி வந்தா என்ன? என் கவலை நிலத்தைப் பத்தினது. பக்கத்துக் காட்டுக்காரர் வித்துட்டார். நல்ல விலை, பொண்ணு கல்யாணம், அவர் மேல தப்பே இல்லை. அங்க மனைக் கல் நட்டதும் எர்ர சேனு 'மூணாவது கிராஸ்' ஆயிடுச்சு. விதைக்கிற கூரிகை இல்லாத இடத்துல கூரிகைங்கிற சொல்லை யார் சொல்லப் போறாங்க?

ஜெர்மனியோட கிழக்கு ஓரத்துல லுசாட்டியான்னு ஒரு பகுதி. அங்க சோர்பியர்னு ஒரு சின்ன ஸ்லாவிய இனம், சுமார் 60,000 பேர். ஊர்ப் பலகையெல்லாம் ஜெர்மன், சோர்பியன் ரெண்டுலயும் இருக்கும். 1937-ல் நாஜிகள் அவங்க அமைப்பான டொமோவினாவைத் தடை செஞ்சாங்க. அதையும் தாண்டி மொழி பிழைச்சுது. ஆனா பழுப்பு நிலக்கரி எடுக்க நூத்துக்கும் மேல கிராமங்களைத் தோண்டினப்போ, ஜனங்க சிதறிப் போய் மொழிக்குப் பெரிய அடி விழுந்துச்சு. ஹோர்னோங்கிற ஊரை 2000-களின் தொடக்கத்துலதான் காலி பண்ணினாங்க. எங்க ஊரை யாரும் தோண்டலை, யாரையும் துரத்தலை. ஆனாலும் அதைப் படிச்சப்போ வயித்தைப் பிசைஞ்சுது.

அதனால ஒரு வேலை ஆரம்பிச்சேன். எங்க காட்டுல அம்பது வருஷமா களை எடுக்கிற ஒரு அவ்வா இருக்காங்க. பையனையும் கூட்டிக்கிட்டு, மூணு சாயங்காலம் அவங்களோட வரப்பு வரப்பா நடந்தேன். அவங்க பேர் சொல்லச் சொல்ல பையன் எழுதினான். 23 பேர் வந்துச்சு. நாலு இடத்துல அவ்வா நின்னு யோசிச்சுட்டு, "மறந்துட்டேன் நாயனா"ன்னாங்க. அந்த நாலு பேரும் போனது போனதுதான்.

நோட்டுல பையன் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கான். பரவாயில்லை. பக்கத்துலயே தெலுங்கு எழுத்துல எழுத அந்த வாத்தியார்கிட்ட ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறோம், நானும் பையனும். இந்த வாரம் 'எ' வரைக்கும் வந்திருக்கோம். எர்ர சேனு எழுதப் பழகிட்டேன்.

அடுத்த பதிவுல அவரைக்காய் சீசன் பத்தி எழுதறேன்.