கோகின்

ஜப்பானின் பிரதான தீவாகிய ஹொன்ஷூவின் வடகோடியில், ஆவோமோரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியான ட்சுகாரு பிரதேசத்துக் குடியானவர்கள், கஞ்சாச் செடியின் தண்டு நாரால் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த துணியின்மேல் வெண்ணூலால் நெருக்கித் தைத்து அணிந்த மேலாடையும், அத்தையல் வேலையும் கோகின் எனப்படும்.

ஜப்பானில் இந்நார் வரலாற்றுக்கு முற்பட்ட ஜோமோன் காலத்திலேயே வழங்கியது. எட்டாம் நூற்றாண்டில் குடிகள் வரியாகச் செலுத்திய நார்த்துணிகள் சில, ஊரும் பெயரும் மையால் எழுதப்பட்டபடியே நாரா நகரின் ஷோசோயின் பண்டகசாலைத் தொகுப்பில் இன்றும் உள்ளன.

ட்சுகாருவின் கடுங்குளிரில் பருத்தி விளையாது. ட்சுகாருவை ஆண்ட ஹிரோசாகிப் பிரபுக்களின் ஆட்சி 1724இல் பிறப்பித்த சிக்கன ஆணை, குடியானவர் பருத்தி ஆடை அணிவதையும் விலக்கியது. கோகின் இவ்வாணையால் பிறந்ததா, அதற்கு முன்பே குளிரின் நிர்ப்பந்தத்தால் தோன்றியதா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஆதியில் நார் நூலாலேயே தைத்தனர் என்றும், பருத்தி நூல் பின்னரே வந்தது என்றும் கூறுவர். ஹிரானோ சதாஹிகோ என்னும் சாமுராய் 1788ஐ ஒட்டித் தொகுத்த சித்திரச் சுவடியில் இவ்வாடை இடம்பெற்றிருக்கிறது.

கிளை விடாமல் நெடிது வளரும் பொருட்டு விதையை நெருக்கி விதைத்து, கோடை முடிவில் அறுத்த தண்டின் பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டி நீக்கி, நாரை நகத்தால் கீறி, நுனியோடு நுனி முறுக்கி இணைத்து நூலாக்குவது பெண்களின் வேலை. இப்படி நெய்த துணி இழை விலகியது, காற்றுப் புகும். அவ்விடைவெளியை அடைப்பதே தையலின் நோக்கமாயினும், பாவு நூல்களை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் எண்ணி ஊசியை ஓட்டியமையால் நெட்டுவாக்கான சாய்சதுர அலங்காரங்கள் அமைந்தன. அண்டைப் பிரதேசமான நான்புவிலோ இரட்டைப்படையில் எண்ணுவதால் சதுரம் அகன்று கிடக்கும். பூனைக்கண், பயறு, மீன்செதில் என்றெல்லாம் கோகின் அலங்காரங்களுக்குப் பெயரிட்டனர். சிறுமிகள் ஐந்தாறு வயதிலேயே ஊசி பிடித்தனர். வெண்ணூல் அழுக்கேறியதும் ஆடையை மீண்டும் அவுரியில் முக்குவர். நைந்த இடத்தில் தையலின்மேல் தையல் போடுவர். இப்படி இருமுறை தைக்கப்பட்ட ஆடைகளில், கறுத்துப்போன நீலத்தினுள் பழைய அலங்காரம் சாய்வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் புலனாகிறது. புதியனவற்றைக் காட்டிலும் அவையே அழகியவை என்பாரும் உளர்.

கோகினில் கிழக்கு, மேற்கு, மூன்று பட்டை என மூவகை உண்டு, மூன்றாவது அரிது.

1891இல் தோக்கியோவிலிருந்து ஆவோமோரிக்கு ரயில் பாதை நிறைவுற்றபின் மலிந்த பருத்தித் துணி கோகினைப் பின்தள்ளியது. 1932இல் நாட்டார் கலை இயக்கத்தின் மூலவர் யானகி சோயெட்சு தமது பத்திரிகையில் இதனைப் புகழ்ந்தெழுதிய பின்னர் புத்துயிர்ப்பு முயற்சிகள் தொடங்கின. 1948ஆம் ஆண்டின் கஞ்சாக் கட்டுப்பாட்டுச் சட்டம் சாகுபடியை உரிமம் பெற்றோருக்கு மட்டும் என வரையறுத்தமையால், தற்காலக் கோகின் பெரும்பாலும் பருத்தியிலோ லினனிலோ தைக்கப்படுகிறது. அச்சட்டம் 2023இல் திருத்தப்பட்டது.