அடுப்பும் வாங்கினால்தான் சிலிண்டர்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. மேலுரம் போடும் நாட்களில் எங்கள் பக்கத்து உரக்கடைகளில் காதில் விழும் பேச்சு இது: ‘யூரியா மட்டும் தனியாக் கெடையாதுண்ணே. கூட இந்தக் குருணையையும் எடுத்துக்கணும்.’ வேண்டாத பொருளை வேண்டிய பொருளின் முதுகில் ஏற்றிவிடும் வியாபாரம். கேஸ் இணைப்பு கேட்டுப் போனவர்கள் தலையில் அடுப்பைக் கட்டியதும் இதே வகைதான். சட்டத்துக்கும் இது புதிதல்ல. 1969இன் ஏகபோகத் தடைச் சட்டம் இதை 33ஆம் பிரிவில் பட்டியலிட்டது. 2002இன் போட்டிச் சட்டமும் பேசுகிறது. இயங்குதளத்தோடு இணைய உலாவியைச் சேர்த்தே தரலாமா என்ற சர்ச்சையை நான் இந்தக் கடை வாசலில் நின்றுதான் வாசிக்கிறேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. குருணைக்குக் காசு போகிறது, உலாவி இலவசம். மைக்ரோசாஃப்டின் வாதமே அதுதான். 1995இல் தனியாக வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், விண்டோஸ் 98இல் இயங்குதளத்தின் சதையோடு சதையாகிவிட்டது. பிரித்தால் உயிர் போய்விடும் என்றார்கள். 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. எட்வர்ட் ஃபெல்டன் என்ற கணினிப் பேராசிரியர் ஒரு சின்ன நிரல் எழுதி, பிரித்துக் காட்டினார். நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொன்ன 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு மறு ஆண்டே மேல்முறையீட்டில் அடிபட்டுப்போனது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவு மட்டும் நின்றது. அதற்குள் நெட்ஸ்கேப் வீழ்ந்திருந்தது. இலவசமாகக் கொடுப்பதே எதிராளியைக் கொல்லும் ஆயுதமாக முடியும் என்பதை, தேர்தலுக்குத் தேர்தல் இலவசம் பார்க்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழுக்கு இதில் தனிப் பாடு இருந்தது. யூனிகோடு பரவும் முன், ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு எழுத்துருவோடு வந்தது. வாசகர் எழுத்துருவை இறக்கத் தேவையில்லாதபடி பக்கத்தோடே அதை அனுப்பும் ஏற்பாடு இரண்டு விதமாக இருந்தது: மைக்ரோசாஃப்ட் வழி ஒன்று, நெட்ஸ்கேப் வழி இன்னொன்று. ஒன்றுக்காகச் செய்தது மற்றதில் வாசிக்க முடியாத கிறுக்கலாகத் தெரியும். எல்லார் கணினியிலும் எது இருக்கிறதோ அதற்கு எழுதினால் போதும் என்று தளம் நடத்துபவர்கள் முடிவெடுத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் எழுத்து எந்தச் சன்னல் வழியாகத் தெரியும் என்பதை யாரோ எங்கோ தீர்மானித்தார்கள், நாம் தலையாட்டினோம். கிராம்சி பேசிய இசைவு இப்படித்தான் சாதாரணமாக, சத்தமில்லாமல் உற்பத்தியாகிறது.

அப்படியானால் உலாவியே இல்லாமல் கணிப்பொறியைக் கொடுத்துவிடலாமா? இங்கே நம் தோழர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. உலாவி இல்லாத பெட்டியில் உலாவியை எதைக்கொண்டு இறக்குவது? சின்னமனூரிலோ கூடலூரிலோ முதல் கணினி வாங்கும் வீட்டில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் தமிழாக்கிய ஃபயர்ஃபாக்ஸ் இருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கேட்டு வாங்கி, போட்டு, நிறுவவேண்டிய ஒன்று, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒன்றோடு எப்படி மல்லுக்கட்டும்? 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில் வந்தன. தேர்வு, குறைந்தபட்சம், பெட்டிக்குள்ளேயே இருந்தது. கட்டித் தரட்டும், ஆனால் முடிச்சை அவிழ்க்கும் உரிமை வாங்கியவனிடம் இருக்கட்டும் என்பதே என் பக்கம்.

அந்த முடிச்சு இப்போது கைப்பேசியில் விழுந்திருக்கிறது. பிளே ஸ்டோர் வேண்டும் என்ற தயாரிப்பாளர்கள் தேடல், குரோம், யூடியூப் என்று மொத்த மூட்டையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உரக்கடைப் பேச்சேதான்! சாதாரணப் பயனர்கள் சிலர் கொடுத்த புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 20.10.2022 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பத்து உத்தரவுகளும் போட்டது. 2023 ஜனவரியில் கூகுள் மூட்டையைப் பிரித்துத் தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் 29இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்துவிட்டு, நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. பத்திரிகைகள் கோடிகளைத் தலைப்பாக்கின. ரத்தான நான்கில் ஒன்று, முன்பே நிறுவி வரும் செயலிகளைப் பயனர் நீக்குவதைக் கூகுள் தடுக்கக் கூடாது என்பது.

அபராதம் அரசுக் கஜானாவுக்குப் போகிற காசு. நீக்கும் உரிமை நமக்கு வரவேண்டியது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியை எடுத்துக் குரோமின் அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அநேகமாக ‘நீக்கு’ என்ற பொத்தான் இருக்காது, ‘முடக்கு’ என்பதுதான் இருக்கும்.